என் மகளின் நாவலில் என் அக்கா

1

இங்கே என் மகளை மத்தி என்று கூப்பிடுகிறார்கள். நாங்கள் வைத்த பெயர் மதி. ஸ்வீடனின் வடக்கே, நாங்கள் குடியிருக்கும் ஊமெயோ நகரத்துக்கு எதிர்க்கரையில் பின்லாந்து இருக்கிறது. அங்கே மத்தி என்பது ஆண்பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர். அதனால் பள்ளியில் சேர்ந்த காலத்திலிருந்து பாதி அலுவலகங்களில் அவள் பையன். கறம்பக்குடிப் பக்கத்தில் இருக்கும் என் அக்கா ராசாத்தியிடம் இதைச் சொன்னபோது, "மீமிசல்காரி கூடையில கொண்டு வர்ற மத்தி மீனா?" என்று கேட்டு, சிரித்து இருமி, போனையே கீழே போட்டுவிட்டாள்.

அந்த மதி ஒரு நாவல் எழுதியிருக்கிறாள். ஸ்வீடிஷ் மொழியில். இந்த வாரம் அது அச்சுக்குப் போகிறது. அது எப்படிப் போகிறது என்பதைத்தான் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். சந்தோஷமாகச் சொல்ல முடிந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

கதை ஒரு சொல்லைக் காது தவறாகக் கேட்டதில் தொடங்கியது. அக்காவுக்குக் குழந்தை தங்கவில்லை. ஒன்று கலைந்த பிறகு ரத்தப்போக்கு நிற்காமல், முப்பதைத் தொடும் முன்பே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். மதிக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். கல்யாண வீட்டில் யாரோ, "ராசாத்திக்குத்தான் கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கள்ல, அண்டாவத் தூக்கச் சொல்லாதீங்க" என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மதி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"அம்மா, பெரியம்மாவோட கறுப்புப் பைய யாரு எடுத்தா? போலீஸ்ல சொல்லலையா?"

வீட்டுக்கு வந்ததும் விளக்கினேன். அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் அந்தப் பை அவள் மனதில் தங்கிவிட்டது. யாரோ பறித்துக்கொண்டு போன ஒரு கறுப்புப் பை, அதற்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதைச் சுற்றித்தான் பதினைந்து வருடம் கழித்து நாவலைக் கட்டியிருக்கிறாள்.

எதிர்காலத்தில் ஒரு வறண்ட நாடு. அங்கே அரசு ஒரே வகை மரத்தை மட்டும் நட்டிருக்கிறது. ஒவ்வொரு பெண்ணும் ஒரு கறுப்புப் பையோடு பிறக்கிறாள். அதில் விதைகளும் அவள் பங்குத் தண்ணீரும் இருக்கின்றன. வயது வந்ததும் அதை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்துவிட்டு வந்த ஒருத்தி, மற்ற பெண்களைத் திரட்டிக்கொண்டு அந்த மரக்காட்டை வெட்டப் போகிறாள். அவள் பெயர் ராசாத்தி.

"பெரியம்மா பேரு சும்மா சொல்லவே அழகா இருக்கும்மா" என்றாள் மதி. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2

புதுக்கோட்டையில் தாவரவியல் படித்த நான், கணவரின் வேலைக்காக இங்கே வந்து, இப்போது நகர நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். வியாழக்கிழமைகளில் அங்கே ஒரு வாசிப்பு வட்டம் கூடும். பெரும்பாலும் ஓய்வுபெற்ற பெண்கள். நாற்காலி போட்டு, காபி வைத்துவிட்டு, நானும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன்.

சில வருடங்களாக அவர்கள் படிப்பது பெண்கள் எழுதிய எதிர்காலக் கதைகள்தான். கர்ப்பப்பைக்குக் கணக்கு வைக்கிற அரசாங்கங்கள். கடல் ஏறி வந்து மூழ்கடித்த நகரங்கள். ஆண்களே இல்லாமல் காட்டோடு காடாக வாழும் பெண்களின் ஊர்கள். இவற்றுக்கு அடியில் ஓடும் எண்ணத்தை நம் பத்திரிகைகளில் சூழலியல் பெண்ணியம் என்கிறார்கள். நிலத்தை ஆள்கிற கையும் பெண்ணை ஆள்கிற கையும் ஒன்றேதான், ஒன்றை விடுவிக்காமல் மற்றொன்றை விடுவிக்க முடியாது என்பது அதன் சாரம். முதல்முறை கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. கல்லூரியில் வேரும் தண்டும் வரைந்த காலத்தில் யாராவது இதைச் சொல்லித் தந்திருந்தால் நான் வேறு ஆளாகியிருப்பேன் என்று தோன்றியது.

வட்டத்தை நடத்துபவர் பிர்கிட்டா. எழுபது வயது. படித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கிராமத்துக்கு என்னை அழைத்துப் போனார். அப்பா வழியில் வந்த காடு அவருக்கு இருக்கிறது. ஊசியிலை மரங்கள், எல்லாம் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே இடைவெளியில் நிற்கின்றன. ஒரு பக்கம் முழுக்க வெட்டி வெறும் கட்டைகள். காகித ஆலைக்குப் போகிறதாம். எனக்கு எங்கள் பக்கத்துத் தைலமரக் காடு ஞாபகம் வந்தது. அந்த யூகலிப்டசும் காகிதத்துக்குத்தான் போகிறது. தரையில் சருகு தவிர வேறொன்றும் இல்லாத அந்த அமைதி வரைக்கும் அதே மாதிரி. அவர் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

மதியின் கைப்பிரதியை அந்த வட்டத்தில்தான் முதலில் படித்தார்கள். கடைசி அத்தியாயத்துக்கு நாலைந்து பேர் அழுதார்கள். பிர்கிட்டா தனக்குத் தெரிந்த ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிவைத்தார். பதிப்பாசிரியரும் அந்தக் கடைசி அத்தியாயத்தைத்தான் புகழ்ந்தார்.

3

பெரியம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டது மதிதான். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், இவ்வளவு பெரிய கதையைச் சொல்ல வராது. அதனால் நான் தமிழில் மாற்றி, ஞாயிறு தோறும் வீடியோ அழைப்பில் படித்தேன். மதி பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அக்காவுக்கு முதலில் பிடித்துப்போயிற்று. பெண்கள் பையை ஒப்படைக்கும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"வரிசையில நிக்கிறாங்களே, டோக்கன் உண்டா?"

"உண்டுக்கா."

"சர்வர் வேல செய்யல, நாளைக்கு வாங்கன்னு சொல்றானா?"

"அப்படி இல்ல. ஆனா மூணு தடவ திருப்பி அனுப்புறாங்க."

"அப்ப நம்ம தாலுக்கா ஆபீசேதான். புள்ள பாக்காமலே எழுதியிருக்கா பாரு." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "அந்த ராசாத்தி நெறமா இருப்பாளா?" என்றாள். மதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். மரங்கள் விழுகின்றன. மண் வாய் திறக்கிறது. வற்றிய கிணற்றில் தண்ணீர் ஊறுகிறது. அதே நேரத்தில் ராசாத்தியின் வயிற்றுக்குள் பறிபோன பை மறுபடி வளர்கிறது. நிலமும் அவளும் ஒரே நாளில் சூல் கொள்கிறார்கள். ஸ்வீடிஷில் அது ஒற்றை வாக்கியம். தமிழில் எனக்கு மூன்று தேவைப்பட்டது.

திரையில் அக்காவின் முகம் நகர்ந்து, உத்தரத்து மின்விசிறி மட்டும் தெரிந்தது.

"செல்வி, அந்த எடத்த இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"பை திரும்பி வர்ற வரைக்கும் அவ யாரு?"

"கதைதானக்கா."

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். பை இல்லாத வரைக்கும் அவ பொட்டக்காடு. பை வந்த பெறகுதான் பொம்பள. அப்படித்தான எழுதியிருக்கு?"

நான் மதியைப் பார்த்தேன். அவளுக்குப் பாதி புரிந்திருந்தது.

"எத்தன வருசமா நடவுக்கு என்னையக் கூப்புடாம இருந்தாங்க, ஒனக்குத் தெரியுமா?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "மொத வெதைய என் கையால போட விட மாட்டாங்க. வயிறு காஞ்சவ தொட்டா வெள்ளாமையும் காஞ்சிரும்னு என் காது படவே பேசுவாங்க. அதையேதான் ஒம் மகளும் அங்கிட்டு ஒக்காந்து எழுதியிருக்கா. அழகா எழுதியிருக்கா, அவ்வளவுதான் வித்தியாசம். என் பேர எடுக்கச் சொல்லு."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

மதி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அது உருவகம் என்று சொன்னாள். அந்தச் சொல் தமிழில் தெரியாமல் ஸ்வீடிஷில் சொன்னாள். "பெரியம்மாவ அப்படி நெனச்சு எழுதலம்மா. அவங்க ஜெயிக்கணும்னுதான் எழுதினேன். எல்லாரும் அந்த எடத்துக்குத்தான் அழுதாங்க."

"ஒன் பெரியம்மா அழலையே" என்றேன்.

"அப்ப ஒனக்கும் பிடிக்கலையா?"

எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் என்னை உறுத்தியது. மண்ணும் பெண்ணும் ஒன்று என்பதை இத்தனை வியாழக்கிழமைகள் தலையாட்டிக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் அதே வாக்கியத்தைச் சொல்லித்தான் ஒருத்தியை வயல் வரப்போடு நிறுத்தினார்கள் என்று என் மண்டையில் ஒருநாளும் உறைக்கவில்லை.

மதி பேரையும் மாற்றவில்லை, முடிவையும் மாற்றவில்லை. வீட்டில் எங்களுக்குள் பேச்சு குறைந்தது. ஏதாவது கேட்டால் ஸ்வீடிஷில் பதில் வந்தது. கோபம் வந்தால் அவள் அந்தப் பக்கம் போய்விடுவாள். அங்கே என் வாக்கியங்கள் எப்போதும் ஒரு படி தாமதமாகத்தான் வந்து சேரும். ஊரிலிருந்து அக்காவும் போனை எடுக்கவில்லை.

ஒரு மாதம் போன பிறகு மதி சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "நாம போவோம். நான் நேர்ல பேசணும்."

4

விசா இல்லாமல் போய்வர எனக்கு ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது. மதிக்கு வேண்டாம் என்று சின்ன வயதில் எடுக்காமல் விட்டிருந்தோம். அதனால் அவளுக்கு விசா. கணினித் திரை அவளிடம் மதம் என்ன என்று கேட்டது. உடம்பில் அடையாளம் என்ன என்று கேட்டது. தேடிப் பார்த்து முழங்காலில் ஒரு தழும்பைக் கண்டுபிடித்தாள். இந்தியாவில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்ற இடத்தில் அக்காவின் பெயரை அவளே தட்டினாள். போனை எடுக்காத ஒருவரின் பெயர்.

திருச்சியில் இறங்கி, கார் பிடித்து மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். அக்கா வாசலுக்கு வந்து மதியின் கன்னத்தைத் தொட்டு, "மெலிஞ்சு போயிட்டயே ஆத்தா, உள்ள வா" என்றாள். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மதி பேசத் தொடங்கியபோது, "மொதல்ல சாப்புடு" என்றாள். சாயங்காலம் தொடங்கியபோது, "நாளைக்கு வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போகணும், நீயும் வாரியா?" என்றாள்.

மூவருமாகப் போனோம். அத்தான் இறந்து பல வருடம் ஆகியும் நிலம் இன்னும் அவர் பேரிலும் அவர் தம்பிகள் பேரிலும் கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது. அதில் நிற்கும் மரத்தை வெட்டி விற்க, அது தன்னுடையது என்று அக்கா சான்று வாங்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் இல்லை, காத்திருந்தோம். வந்தவர் மதியின் உடையையும் வெட்டிய முடியையும் பார்த்துவிட்டு, "இது யாரும்மா?" என்றார்.

"என் மக" என்றாள் அக்கா.

மதி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் சான்று தரவில்லை, கொழுந்தன்மார் கையெழுத்து வேண்டும் என்றார். திரும்பும் வழியில் அக்கா எங்களை அந்த நிலத்துக்கே கூட்டிப் போனாள். நான் வெளிநாடு போகும்போது அங்கே கடலை விளைந்துகொண்டிருந்தது. இப்போது தைலமரம். உள்ளே நுழைந்ததும் மதி நின்றுவிட்டாள். பறவைச் சத்தம் இல்லை. காலடியில் சருகு, அதன் அடியில் புல் பூண்டு இல்லாத செம்மண். தன் நாவலில் அவள் எழுதியிருந்த காடு அப்படியே நின்றது.

"இது யாரோட காடு பெரியம்மா? கவர்மெண்டா?"

"என்னோடது."

"நீங்களா வச்சீங்க?"

"நானேதான் கன்னு வாங்கியாந்து வச்சேன்." அக்கா ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டாள். "ஆப்பரேஷனுக்குப் பெறகு குனிஞ்சு களையெடுக்க முடியல. ஒங்க பெரியப்பாவும் போயிட்டாரு. ஆளு வச்சுக் கடலை போட்டா கூலிக்கே காணாது. இதுக்குத் தண்ணி பாச்ச வேணாம். ஆடு மாடு வாய் வைக்காது. வெட்டுனா மறுபடி துளுக்கும். என்னைய யாரு கையும் பாக்காம ஒக்கார வச்சது இதுதான் ஆத்தா. நீ கதையில வெட்டித் தள்ளுனல்ல, இதுதான் அது."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிணறு இருந்தது. மதி போய் எட்டிப் பார்த்தாள். அடியில் தண்ணீர் இல்லை, சருகும் ஒரு பழைய பிளாஸ்டிக் குடமும் கிடந்தன.

"இது?"

அக்கா வேலி வரைக்கும் வந்தாள். "பஞ்சவர்ணம் கெணறு. மல்லிப்பூ போட்டிருந்தா. வாசம் நம்ம வீடு வரைக்கும் வரும். இப்ப நூறு நாள் வேலைக்குப் போறா."

"ஏன் வத்திச்சு?"

"இந்தப் பக்கம் பூராவும் தைலமரந்தான். மழையும் சரியில்ல. அவனவன் போர் போட்டு உறிஞ்சுறான்." தன் பக்கத்து மரங்களைக் காட்டி, "ஆனா அவ கெணத்துக்குப் பக்கத்துல நிக்கிறது என் மரம். அவளும் நானும் பேசி வருசமாச்சு" என்றாள்.

நானும் பஞ்சவர்ணமும் ஒரே பள்ளிக்கூடம். மறுநாள் மதியும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். காபி கொடுத்தாள். மதியின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டே பேசினாள். அக்கா பேச்சு வந்ததும் கையை விட்டாள்.

"ஆம்பள அந்த மரத்த வச்சிருந்தா சண்ட போட்டிருப்பேன் செல்வி. சட்டையப் புடிச்சிருப்பேன். இவளப் போயி என்னத்தச் சொல்ல? அவ நெலம எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் வாய மூடிக்கிட்டேன். பேச்சையும் நிறுத்திக்கிட்டேன்."

மதி அதை எழுத்துக்கு எழுத்து புரிந்துகொண்டாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. ஊரில் இருந்த மீதி நாட்களில் அக்காவிடம் அவள் கதையைப் பற்றி எதுவும் பேசவில்லை. விமானத்தில் வெகுநேரம் கழித்து, "என் கதையில மரம் வச்சது கவர்மெண்ட். பொம்பளைங்க எல்லாரும் ஒரே பக்கம்" என்றாள். "எழுத ஈசியா இருந்துச்சும்மா."

5

வந்ததும் மறுபடி எழுதத் தொடங்கினாள். வயிற்றுக்குள் பை வளர்கிற இடத்தை எடுத்துவிட்டாள். காட்டை அரசு வைக்கவில்லை, பையை ஒப்படைத்துவிட்டு வந்த ஒருத்தி, வேறு வழியில்லாமல், தானே வைக்கிறாள். பக்கத்து நிலத்துக்காரியின் கிணறு வற்றுகிறது. நாவல் அந்த இருவரைப் பற்றியதாகிவிட்டது.

பதிப்பாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. வாசகர்கள் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிப்பார்கள் என்றார். பிர்கிட்டாவும் பழைய முடிவுதான் நம்பிக்கை தந்தது என்றார். மதி அவரிடம் மரியாதையாகவே, "உங்கள் காட்டுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். பிர்கிட்டா அதற்குப் பிறகு இரண்டு வியாழக்கிழமைகள் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்து, வேறொரு சிறிய பதிப்பகத்தின் முகவரியைக் கொடுத்தார். அவர்கள்தான் இப்போது போடுகிறார்கள்.

அக்காவுக்குக் கொழுந்தன்மார் கையெழுத்து கிடைத்து, மரம் வெட்டியாயிற்று. கிணற்றை ஒட்டிய பகுதியில் பொக்லைன் விட்டுக் கட்டைகளைத் தோண்டிவிட்டாள். மற்ற பக்கம் துளிர்க்க விட்டிருக்கிறாள். "அதையும் தோண்டுனா நான் எதத் திங்கிறது?" என்று கேட்டாள்.

போன ஞாயிறு புதிய கதையைப் படித்து முடித்தோம். அதாவது கடைசி அத்தியாயம் தவிர. அதற்கு முன்பே அக்கா நிறுத்தினாள்.

"மரம் வச்சவளுக்கு என்ன பேரு?"

"பேரு இல்ல பெரியம்மா. 'அவள்'னு மட்டும் எழுதியிருக்கேன்."

"அவளுக்கு என் பேர வையி."

மதி திகைத்துப்போனாள். "வேணாம் பெரியம்மா. படிக்கிறவங்க அவளத் திட்டுவாங்க."

"திட்டட்டும். பேரு சொல்லித் திட்டட்டும். போன கதையில நான் மண்ணா இருந்தேன். இதுல மனுசியா இருக்கேன்ல." பிறகு கேட்டாள்: "கெணத்துக்காரிக்கு?"

"பஞ்சவர்ணம்னு வைக்க ஆச. அவங்ககிட்டக் கேக்கல."

"கேக்காம எப்படி வைப்ப?"

அக்கா எழுந்தாள். திரை ஆடியது. புடவைத் தலைப்பு, செம்மண், வேலி முள், அவள் கால் விரல்கள் என்று மாறி மாறித் தெரிந்தன. எங்கே போகிறாள் என்று எனக்குப் புரிந்தபோது அவள் வந்து சேர்ந்துவிட்டாள். வாசல் படலுக்கு வெளியே நின்று, "பஞ்சவர்ணம், ஒன்னு கேக்கணும்" என்று கூப்பிட்டாள். இரண்டாம் தடவை தெளிவாகக் கூப்பிட்டாள்.

பஞ்சவர்ணம் வந்தாள். அக்கா விஷயத்தைச் சொல்லாமல் போனை அவள் பக்கம் நீட்டினாள். மதிதான் சொன்னாள், திக்கித் திக்கி, தமிழிலேயே. பஞ்சவர்ணம் முழுவதும் கேட்டாள். அக்காவை அவள் ஒருதடவைகூடப் பார்க்கவில்லை.

"வச்சுக்க ஆத்தா" என்றாள். "எழுதுறது ஒன் இஷ்டம். ஆனா கெணத்துல தண்ணி வந்துருச்சுன்னு மட்டும் எழுதிராத. இன்னும் வரல."

மதி என்னைப் பார்த்தாள். இரண்டாம் முறை எழுதியதிலும் கடைசிப் பக்கத்தில் கிணற்றில் தண்ணீர் ஊறியிருந்தது. அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டாள்.